இரும்பு வந்த வழி

பி.ஒய்.டி. அட்டோ 3 காரின் தரைத்தகட்டை ஒட்டி, இருக்கைகளுக்குக் கீழே படுத்திருக்கிறது அதன் பேட்டரிப் பெட்டி. உள்ளே 126 செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், உள்ளங்கை அகலம், ஒரு விரல் கனம். ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட், 150 ஆம்பியர் மணி. 126-ஆல் பெருக்கினால் 60.48 கிலோவாட் மணி வரும். விற்பனைத் தாளில் அச்சாகியிருக்கும் எண்ணும் அதுதான், தசமம்கூட மாறாது. பேட்டரித் தொழிலில் ஒரு நிறுவனம் சொல்வதை வாசகர் தானே பெருக்கிப் பார்த்துச் சரியென்று சொல்ல முடிகிற இடங்கள் மிகக் குறைவு. அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

கார் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படுகிறது. பெரிய பாகங்கள் கோத்த நிலையில் கப்பலில் வருகின்றன. செல் சீனத்தில் செய்தது. அதன் கேத்தோடில் பூசியிருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். தொழிலில் இருப்பவர்கள் எல்.எஃப்.பி. என்பார்கள். கோபால்ட் கிடையாது, நிக்கல் கிடையாது; இரும்பும் பாஸ்பேட்டும்தான். இந்தக் கறுப்புத் தூள் எங்கே பிறந்தது, யார் யார் கையில் மாறியது, எப்படி இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வந்து சேர்ந்தது என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. மாதத்துக்கு ஒரு ‘அடுத்த தலைமுறை பேட்டரி’ அறிவிக்கப்படுகிற காலம் இது. பிறந்தபோது மிகக் குறைவாக வாக்குக் கொடுத்த ஒரு பொருள்தான் கடைசியில் உலகச் சந்தையில் பாதியைப் பிடித்தது என்பதை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கதையின் முதல் படியில் ஒரு தமிழர் நிற்கிறார். 1951-இல் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், மதுரையில் வேதியியல் படித்தார். ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் வாங்கி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தார். 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்எனஃபிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இருவரும் அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். குட்எனஃப் அதற்கு முன்பே, 1980-இல், லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டுபிடித்திருந்தார். கைப்பேசிகளையும் மடிக்கணினிகளையும் நடமாட வைத்தது அதுதான். ஆனால் கோபால்ட் விலை அதிகம், கிடைப்பதும் அரிது. இரும்பு மலிவு. இரும்பு ஆக்சைடில் சிக்கல் என்னவென்றால், வோல்டேஜ் இரண்டரையைத் தாண்டி ஏறவில்லை.

மந்திரமும் குட்எனஃபும் இரும்பை வைத்துக்கொண்டு அதன் துணையை மாற்றிப் பார்த்தார்கள். ஆக்சைடின் இடத்தில் மாலிப்டேட், டங்ஸ்டேட், பிறகு சல்பேட் என்று வைத்தார்கள். இரும்பு மாலிப்டேட்டில் 3 வோல்ட் வந்தது. இரும்பு சல்பேட்டில் 3.6. அதே இரும்புதான். அருகிலிருக்கும் கந்தகம் ஆக்சிஜனின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் இரும்பின் ஆற்றல் நிலை இறங்கி, செல்லின் வோல்டேஜ் ஏறுகிறது. 1987-லும் 1989-லும் வெளிவந்த இரண்டு கட்டுரைகளில் இது பதிவாகியிருக்கிறது. அன்று அதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதவில்லை. 2019-இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு 97 வயது. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். 

சல்பேட்டிலிருந்து பாஸ்பேட்டுக்குப் போனது அடுத்த தலைமுறை ஆய்வாளர்களின் வேலை. அக்ஷய பாடி, கே.எஸ். நஞ்சுண்டசாமி ஆகிய இரண்டு இந்தியர்கள் குட்எனஃபுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1997-இல் வந்தது. பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டே போன பாடி, ஆலிவின் என்ற கனிம அமைப்பில் இருந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைக் கண்டடைந்தார். வோல்டேஜ் ஏறக்குறைய 3.4.

அந்தக் கட்டுரையை இன்று எடுத்துப் படித்தாலும் எனக்கு மரியாதை கூடுகிறது. பொருளின் குறையை எழுதியவர்களே முதலில் சொல்லிவிடுகிறார்கள். லித்தியத்தில் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத்தான் வெளியே எடுக்க முடிகிறது. அதுவும் மெதுவாக எடுத்தால்தான். மின்னோட்டத்தைக் கூட்டினால் கொள்ளளவு குறைகிறது. மறுபடி குறைத்தால் திரும்ப வருகிறது. ஆகவே இது குறைந்த திறனில் ஓடும் பேட்டரிக்கு ஏற்றது, விலை மலிவு, நச்சில்லை என்று முடிக்கிறார்கள். காரை ஓட்டும் என்றோ, உலகை மாற்றும் என்றோ ஒரு சொல் கிடையாது. அளந்ததை மட்டும் சொன்னார்கள். அதை எந்த வேகத்தில் அளந்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு இந்தப் பொருளைச் சுற்றி நடந்ததெல்லாம் சண்டை. ஆஸ்டின் ஆய்வகத்துக்கு 1993-இல் ஜப்பானின் என்.டி.டி. தொலைபேசி நிறுவனத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வந்து தங்கி வேலை பார்த்திருந்தார். 1995-இல் என்.டி.டி. ஜப்பானில் இதே வகைப் பொருளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2001-இல் வழக்குப் போட்டது. 2008-இல் 3 கோடி டாலர் கொடுத்து என்.டி.டி. சமரசம் செய்துகொண்டது. 

இதற்கிடையில் கனடாவில் மிஷல் அர்மான் குழு, கியூபெக் மின்வாரியமான ஹைட்ரோ-கியூபெக்குடன் சேர்ந்து, தூளின் ஒவ்வொரு துகள் மேலும் மெல்லிய கரிப்பூச்சு ஏற்றியது. மின்சாரம் ஓடாமல் முரண்டுபிடித்த பொருளுக்கு அந்தக் கரி வழிவிட்டது. துகளைப் பொடியாக்கி, கரியைப் பூசினால் வேகமும் வரும் என்று தெரிந்தது. 1997 கட்டுரை சொன்ன குறை இப்படித்தான் தீர்ந்தது. குறையைத் திறந்து சொன்னதால்தான் அடுத்தவருக்கு எங்கே கைவைக்க வேண்டும் என்று தெரிந்தது.

அடுத்த அத்தியாயத்தில்தான் நம்பகத்தன்மை பற்றிய நிஜமான கேள்வி வருகிறது. எம்.ஐ.டி.யின் யெட்-மிங் சியாங் 2002-இல் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார். நியோபியம் போன்ற உலோகத்தை மிகச் சிறிய அளவில் கலந்தால் இந்தப் பொருளின் மின்கடத்தும் திறன் பத்து கோடி மடங்கு கூடுகிறது என்றார். அர்மான் தரப்பு ஏற்கவில்லை. கலந்த உலோகம் படிகத்துக்குள் போகவேயில்லை; செய்முறையில் எஞ்சிய கரிதான் வேலை செய்கிறது என்றார்கள். 2004-இல் கனடாவின் லிண்டா நாசர் குழு நுண்ணோக்கியில் பார்த்து, துகள்களின் ஓரங்களில் இரும்பு பாஸ்பைடு வலைபோலப் படர்ந்திருப்பதே மின்சாரத்தைக் கடத்துகிறது என்று காட்டியது. விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆனால் சியாங்கின் தூள் வேலை செய்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் கேள்விக்குள்ளானது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் நாம் பல நேரம் ஒரு அறிவிப்பை முழுதாக நம்புகிறோம், இல்லாவிட்டால் முழுதாகத் தள்ளுகிறோம்.

சியாங் 2001-இல் தொடங்கிய ஏ123 சிஸ்டம்ஸ் நிறுவனம் 2009-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அமெரிக்க அரசு 24.9 கோடி டாலர் மானியம் ஒதுக்கியது. ஃபிஸ்கர் கர்மா என்ற விலையுயர்ந்த காருக்கு ஏ123 பேட்டரி கொடுத்தது. 2012 மார்ச்சில் ஒரு நுகர்வோர் இதழ் சோதனைக்காக வாங்கிய ஃபிஸ்கர் கார் ஓடாமல் நின்றது. ஏ123 தேடிப் பார்த்தபோது, மிச்சிகனில் லிவோனியா ஆலையில் ஒரு வெல்டிங் இயந்திரம் தவறாக அமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. செல்களை மாற்றிக் கொடுக்க ஏறக்குறைய 5.5 கோடி டாலர் செலவாகும் என்று அறிவித்தார்கள். அந்த அக்டோபரில் நிறுவனம் திவாலானது; 2013 தொடக்கத்தில் சீனத்தின் வான்சியாங் அதை வாங்கிக்கொண்டது.

பத்து கோடி மடங்கு சரியா தவறா என்ற அறிவியல் சண்டையில் தோற்காத நிறுவனம், ஒரு வெல்டிங் இயந்திரத்தின் அளவுத்திருத்தத்தில் தோற்றது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் வேலை பார்க்கும் எவருக்கும் இது உடனே புரியும். செல்லின் வேதியியலைக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சம், நாளுக்கு ஆயிரக்கணக்கான வெல்டுகளை ஒரே தரத்தில் போடுகிறவருக்குக் கிடைப்பதில்லை. காரின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இரண்டாவது ஆளின் பங்கு கொஞ்சமும் குறைந்ததல்ல. அதே 2012-இல் கலிஃபோர்னியாவின் என்வியா என்ற நிறுவனம் கிலோவுக்கு 400 வாட் மணி தரும் செல்லை அறிவித்துத் தலைப்புச் செய்தியானது. ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் சோதனையில் அந்த முடிவு திரும்ப வராததால் 2013-இல் ஒப்பந்தம் முறிந்தது.

இரும்பு பாஸ்பேட் பிழைத்தது சீனத்தில். காப்புரிமை வைத்திருந்தவர்களோடு ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் செய்யும் வரை சீன நிறுவனங்கள் உரிமத் தொகை கட்ட வேண்டியிருக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் தங்கள் பேருந்துகளிலும் டாக்ஸிகளிலும் இதை ஓட்டிக் கற்றுக்கொண்டார்கள். முக்கியக் காப்புரிமைகள் 2022-இல் காலாவதியானபோது, உலகத்துக்கு ஏற்றுமதி செய்ய ஆலைகள் தயாராக நின்றன. 2024-இல் உலக மின்கார் பேட்டரிச் சந்தையில் ஏறக்குறைய பாதி எல்.எஃப்.பி. என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது.

அந்தச் சீன நிறுவனங்களில் ஒன்றுக்கு நம் பகுதியில் பழைய தொடர்பு உண்டு. 1995-இல் ஷென்ஜெனில் வாங் சுவான்ஃபு தொடங்கிய பி.ஒய்.டி. முதலில் கைப்பேசி பேட்டரி செய்த கம்பெனி. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியதும், அதற்குப் பாகங்கள் கொடுக்கும் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. பி.ஒய்.டி. இங்கே கால் வைத்தது 2007-இல். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். நோக்கியாவுக்குப் பாகம் செய்ய வந்த நிறுவனம், 2021-இல் இ6 என்ற மின்காரோடும், 2022-இல் அட்டோ 3-யோடும் இந்தியச் சந்தைக்குள் வந்தது. பெரிய முதலீட்டோடு இந்தியாவில் கார் ஆலை அமைக்க அது ஹைதராபாத் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து கொடுத்த விண்ணப்பத்தை ஒன்றிய அரசு 2023-இல் ஏற்கவில்லை. அதனால் செல் இன்னும் கப்பலில்தான் வருகிறது.

2020 மார்ச்சில் பி.ஒய்.டி. இந்த நீளமான செல்லை ‘பிளேடு’ என்று பெயரிட்டு அறிமுகம் செய்தபோது ஒரு காட்சி காட்டியது. செல்லின் குறுக்கே ஆணி இறங்குகிறது. நிக்கல் கலந்த செல் 500 டிகிரியைத் தாண்டி எரிகிறது. பிளேடு செல்லின் மேற்பரப்பு 60 டிகிரிக்குள் நிற்கிறது, புகைகூட இல்லை. உலகம் முழுக்கப் பகிரப்பட்ட காட்சி அது. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகக் கட்டுண்டிருப்பதால் சூட்டில் எளிதில் விடுபடுவதில்லை. இது உண்மை, வெகுநாளாகத் தெரிந்த உண்மை. போட்டியாளர்கள் கேட்ட கேள்வியும் நியாயமானதே. ஆணி குத்துவது சாலையில் நடக்கும் விபத்தைப் போன்றதா? ஒரு செல்லில் நடப்பது 126 செல் அடைத்த பெட்டியிலும் நடக்குமா? காட்சி ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது. வாங்குகிறவர் கேட்க வேண்டிய மற்றக் கேள்விகளை அது தொடவில்லை.

எண்ணுக்கு வருகிறேன். அட்டோ 3 ஒரு முறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும்? இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைப்படி 521 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தார்கள். பழைய ஐரோப்பிய முறையான என்.இ.டி.சி. அளவில் அதே கார் 480. இப்போதைய ஐரோப்பிய முறையான டபிள்யூ.எல்.டி.பி. அளவில் 420. அதே 126 செல், அதே 60.48 கிலோவாட் மணி. யாரும் பொய் சொல்லவில்லை. இந்தியச் சோதனை ஓட்டத்தில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், டபிள்யூ.எல்.டி.பி.யில் 130-ஐத் தாண்டும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால் பேட்டரி சீக்கிரம் கரைகிறது. சுங்குவார்சத்திரத்திலிருந்து காஞ்சிபுரம் நோக்கி, மே மாதப் பகலில், ஏ.சி.யை முழுதாக வைத்து நெடுஞ்சாலையில் போகிற குடும்பத்துக்கு இந்த மூன்றில் எது நெருக்கம் என்று கேட்டால், 420-தான் என்பேன். விற்பனையாளர் மூன்று எண்ணையும் ஒரே தாளில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

செல்லின் ஆயுள் பற்றிய எண் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியது. எல்.எஃப்.பி. செல்களின் தொழில்நுட்பத் தாளில் 4,000, 6,000 சுழற்சி என்று பெரிதாக இருக்கும். அடியில் சிறிய எழுத்தில் நிபந்தனைகள் வரும். 25 டிகிரி வெப்பநிலை. இரண்டு மணி நேரத்தில் ஏற்றி இரண்டு மணி நேரத்தில் இறக்கும் மெதுவான வேகம். செல்லைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு, சிலர் கணக்கில் 70 விழுக்காட்டுக்கு, இறங்கும் வரை. கத்திரி வெயிலில் ஒரகடத்துத் தார்ச்சாலையில் நாளுக்கு இருமுறை வேக சார்ஜரில் போடும் டாக்ஸிக்கு இந்த வெப்பநிலையும் வேகமும் பொருந்தாது. அதனால் அந்த செல் மோசம் என்று சொல்லவில்லை. சூட்டையும் பயன்பாட்டையும் தாங்குவதில் இது நிக்கல் வகைகளைவிட நல்லது. நம் வெயிலுக்கான எண் வேறு, அதை அச்சிட்டுத் தர வேண்டியது செய்கிறவர் கடமை.

இன்னொரு நடைமுறைச் சங்கதியும் உண்டு. எல்.எஃப்.பி. செல்லின் வோல்டேஜ், சார்ஜ் பாதியில் இருந்தாலும் கால்வாசிக்கு வந்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். மிச்சம் எவ்வளவு என்பதை வோல்டேஜை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், பி.எம்.எஸ். என்ற கட்டுப்பாட்டு அமைப்பு உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை நாளாக நாளாகச் சற்றே பிசகும். அவ்வப்போது 100 விழுக்காடு வரை சார்ஜ் போட்டால் கணக்கு நேராகும். இதைக் கார் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் வழியில் ‘திடீரென்று சார்ஜ் இறங்கிவிட்டது’ என்ற புகார் பாதி குறையும்.

நிரூபிக்காத பேட்டரியின் விலை என்ன என்பதைத் தமிழ்நாடு 2022 மார்ச்சில் கண்டது. வேலூரில் வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையத்தின் இயக்குநர் டாடா நரசிங்க ராவ் தலைமையில் ஒன்றிய அரசு ஒரு குழு அமைத்தது. ஏ.ஐ.எஸ்.-156 என்ற தரநிலை திருத்தப்பட்டு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி செல்லின் மேல் தயாரித்த தேதி தெரிய வேண்டும். பெட்டிக்குள் அழுத்தம் கூடினால் வெளியேற வழி வேண்டும். சூடு எல்லை மீறினால் ஓட்டுகிறவருக்கு ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்கை வர வேண்டும். வேண்டுமென்றே ஒரு செல்லைக் கட்டுமீறிச் சூடாக்கி, அது பக்கத்துச் செல்லுக்குப் பரவிப் பெட்டியை எரிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகளில் ஒன்று ஒரகடத்தில் இருக்கிறது. சிப்காட் வளாகத்தில் 300 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர், ஒன்றிய அரசின் வாகனச் சோதனைத் திட்டத்தில் உருவானது. சுற்றிலும் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் ஆலைகள். வண்டியின் பெயரும் விளம்பரமும் அந்த வாசலோடு நின்றுவிடும். உள்ளே அதிர்வு மேசை, வெப்ப அறை, தீத்தொட்டி. பள்ளிப் பிள்ளைகளைக் கார் ஆலைகளுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். இந்த மாதிரிச் சோதனைக் கூடத்துக்குத்தான் முதலில் கூட்டிப்போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

சோதனை செல்லுக்கு மட்டும் போதாது, அதைச் செய்ய வருகிறவர்களுக்கும் வேண்டும். 2021 மே மாதம் ஒன்றிய அரசு, நாட்டுக்குள் 50 ஜிகாவாட் மணி அளவு செல் செய்ய 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. 2022 மார்ச்சில் தேர்வானவர்கள் பட்டியலில் ‘ஹூண்டாய் குளோபல் மோட்டார்ஸ்’ என்ற பெயர் 20 ஜிகாவாட் மணியோடு இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய்தான் செல் செய்யப்போகிறது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். தங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று ஹூண்டாய் மோட்டார் தெளிவுபடுத்தியது. ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது ரிலையன்ஸ், ஓலா, ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸ் மூன்றுதான் இருந்தன. நாட்டின் மிகப் பெரிய பேட்டரித் திட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, ஆலையும் செல்லும் கண்ணில் படாத ஒரு பெயருக்குப் போகவிருந்தது. கோடிக்கணக்கான மக்கள் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இதைச் சிறு குழப்பம் என்று விட என்னால் முடியவில்லை. விண்ணப்பித்தவர்கள் எத்தனை ஜிகாவாட் மணிக்கு வாக்குக் கொடுத்தார்கள் என்பதைப் போலவே, இதுவரை எத்தனை நல்ல செல் செய்து காட்டினார்கள் என்பதும் மதிப்பெண்ணில் ஏறியிருக்க வேண்டும். 2025 அக்டோபர் வரை அந்த 50-இல் நிறுவப்பட்டது 1.4 ஜிகாவாட் மணிதான், அதுவும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓலா ஆலையில், என்று ஆய்வு அமைப்புகளான ஐ.இ.இ.எஃப்.ஏ.வும் ஜே.எம்.கே. ரிசர்ச்சும் கணக்குக் கொடுத்திருக்கின்றன.

உலகப் போட்டி இப்போது நிமிடக் கணக்கில் நடக்கிறது. 2025 மார்ச் 17-இல் பி.ஒய்.டி., ஐந்து நிமிட சார்ஜில் 400 கிலோமீட்டர் என்று அறிவித்தது. ஏப்ரல் 21-இல் அதன் போட்டியாளர் சி.ஏ.டி.எல்., ஐந்து நிமிடத்தில் 520 என்றது. இரண்டும் எல்.எஃப்.பி. செல்கள். குறைந்த திறனுக்கு மட்டும் ஏற்றது என்று 1997-இல் எழுதப்பட்ட அதே தூளுக்கு இன்று ஆயிரம் கிலோவாட் சார்ஜர் வைக்கிறார்கள். இந்த இரண்டு அறிவிப்பையும் நான் பெரும்பாலும் நம்புகிறேன். காரணம், இரண்டு நிறுவனங்களும் அதே செல்லை லட்சக்கணக்கில் செய்து சாலையில் விட்டு, மற்றவர்கள் வாங்கிப் பிரித்துப் பார்க்க விடுகின்றன. கிலோமீட்டர் எண் சீனச் சோதனை முறைப்படி வந்தது என்பதை மட்டும் கழித்துப் படிக்க வேண்டும்.

2026 ஜனவரியில் பின்லாந்தின் டோனட் லேப், திடநிலை பேட்டரி தயார் என்று லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அறிவித்தது. கிலோவுக்கு 400 வாட் மணி, ஐந்து நிமிட சார்ஜ், ஒரு லட்சம் சுழற்சி ஆயுள். கடைசி எண்ணை எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் ஏற்றி, அதே ஐந்து நிமிடத்தில் இறக்கி, ஒரு நொடியும் ஓய்வு கொடுக்காமல் ஓட்டினாலும் ஒரு லட்சம் சுழற்சிக்கு 10 லட்சம் நிமிடம் வேண்டும். அது 694 நாள், இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. சாதாரண வேகத்தில் பத்தாண்டுகளைத் தாண்டும். அந்த எண் ஓட்டிப் பார்த்து வந்ததா, குறைந்த சுழற்சியிலிருந்து கணித்து நீட்டியதா என்று கேட்பது எவருக்கும் உரிமையான கேள்வி. தாளும் பென்சிலும் போதும்.

இருங்காட்டுக்கோட்டையின் அடுத்த கட்டம் ஏற்கனவே தொடங்கிவிட்டது. 2023 மே மாதம் தமிழ்நாடு அரசோடு ஹூண்டாய் போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 1.78 லட்சம் பேட்டரி பேக் கோக்கும் பிரிவும் உண்டு. 2025 ஜனவரியில் கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தது. செல்லையும் உள்நாட்டிலேயே, அதுவும் எல்.எஃப்.பி. செல்லாகவே வாங்க, 2024 ஏப்ரலில் ஹூண்டாயும் கியாவும் எக்சைடு எனர்ஜியோடு ஒப்பந்தம் செய்தன. எக்சைடின் ஆலை பெங்களூரில், தொழில்நுட்பம் சீனத்தின் எஸ்வோல்ட்டிடமிருந்து. 2025 ஜூலையில் சீன அரசு எல்.எஃப்.பி. கேத்தோடு செய்யும் தொழில்நுட்பத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதாவது, மந்திரம் வழிபோட, பாடியும் நஞ்சுண்டசாமியும் கண்டடைந்த பொருளைச் செய்யும் சீன வித்தை இனி அந்த அரசு அனுமதித்தால்தான் எல்லை தாண்டும்.

ஏ.ஆர்.சி.ஐ. தன் சொந்த முறையில் எல்.எஃப்.பி. தூள் செய்து, அந்தத் தொழில்நுட்பத்தை ஹைதராபாத்தின் ஆல்ட்மின் நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதன் வாகன எரிசக்திப் பொருள் மையம் இயங்குவது சென்னை தரமணியில், ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில், ஒரகடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். காரைக்குடி சிக்ரியில் 1953 முதல் மின்வேதியியல் ஆய்வு நடக்கிறது. நம்மிடம் ஆட்களும் இருக்கிறார்கள், கருவிகளும் இருக்கின்றன. இந்தத் தூளின் முதல் கிலோவும் ஆயிரமாவது கிலோவும் ஒரே தரத்தில் இருக்கின்றனவா என்ற சோதனை முடிவுகளை ஏ.ஆர்.சி.ஐ.யும் ஆல்ட்மினும் வெளியிடும்போது, எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில், எத்தனை செல்லில் எடுத்தவை என்பதையும் 1997 கட்டுரையைப் போல அதே பக்கத்தில் அச்சிட வேண்டும். அந்தப் பட்டியலில் 45 டிகிரிக்கும் ஒரு வரி வேண்டும்.